ஆஷ் மரத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

பானஸ்வாடி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வாங்கியிருக்கும் தமிழர்களுக்காக ஒரு தோட்டக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். (ஊர்ப்பெயரை அங்குள்ளவர்கள் எழுதுகிறபடியே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.) மேப்பிள், ஓக் எல்லாம் தாண்டி இப்போது ஆஷ் மரத்தில் நிற்கிறேன். வீட்டருகே அதை எங்கே நடுவது, எப்படி வளர்ப்பது, ஏற்கெனவே நிற்கும் மரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று ஓர் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

என் கைக்கு வந்த முதல் வரைவு கணினி செய்தது. ஆங்கிலத்தில் மரத்துக்கும் சாம்பலுக்கும் 'ஆஷ்' என்றே சொல்வதால் அது குழம்பிவிட்டது. அத்தியாயத் தலைப்பு: "வீட்டைச் சுற்றிச் சாம்பல் நடுதல்". உள்ளே "மரகதச் சாம்பல் துளைப்பான்" என்று ஒரு வண்டு. இதைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். இதே கையேட்டில் மண்ணில் மரச்சாம்பல் கலப்பது பற்றித் தனியாக ஒரு பத்தியும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் குழம்பித்தான் போவார். திங்கள் காலை ஒப்படைக்க வேண்டும். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

அல்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சாம்பலை முதலில் நீக்கிவிடுங்கள். ஆங்கிலத்திலேயே அவை இரண்டும் ஒரே சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் மரத்துக்கு ஒரு சொல், எரிந்து எஞ்சுவதற்கு வேறொரு சொல். ஒலி தேய்ந்து தேய்ந்து பிற்காலத்தில் ஒன்றாகிவிட்டன. மரத்தைக் குறித்த அந்தப் பழஞ்சொல்லுக்கு ஈட்டி என்றும் பொருள் உண்டு. கிரேக்கத்திலும் இதே கதைதான். இலியட் காப்பியத்தில் வீரன் அக்கிலீசின் ஈட்டி பெலியன் மலையில் வெட்டிய ஆஷ் மரத்தால் ஆனது. 'மெலியா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், ஈட்டியையும் குறிக்கும். அடி தாங்கும், சட்டென்று முறியாது. அதனால்தான் பேஸ்பால் மட்டைக்கும் கோடரிக் காம்புக்கும் அந்த மரத்தைத் தேடிப் போனார்கள்.

எனவே வேல் + மரம். லகரத்தின் முன் மெல்லினம் வந்தால் னகரமாகும். கன்மலை என்பதுபோல வேன்மரம். இலக்கணத்துக்கும் பொருந்தும், பொருளும் நிற்கும்.

வைட்ஃபீல்ட், மென்பொருள் பணி:

ஐயா, மன்னிக்கவும். வேன்மரம் என்று அச்சிட்டால் முதலில் கண்ணில் படுவது வண்டிதான். சந்தி சேர்க்காமல் வேல்மரம் என்று விட்டால் வேலமரம் குறுக்கே வருகிறது. ஒரு புள்ளி விழுந்துபோனால் முள்மரமாகிவிடும். ஆஷ் என்றே விட்டால் என்ன? நம் பெங்களூர்த் தெருவெல்லாம் ஜக்கராண்டாவும் டபேபுயாவும் நிற்கின்றன. இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் அவற்றுக்கு வேறு பெயர் கேட்டதில்லை.

அல்சூர்:

அப்படியே எடுப்பதானால் தொல்காப்பியர் காட்டிய வழியில் அயல் எழுத்தை விலக்கி எடுங்கள். ஆசு மரம்.

மல்லேஸ்வரம், யாப்பு ஆர்வலர்:

ஐயா சொன்ன நூற்பா வடசொல்லுக்கு உரியது. ஆங்கிலச் சொல்லைத் திசைச்சொல் என்று கொள்வதே முறை. அது போகட்டும், ஆசு என்றால் குற்றம். ஒரு மரத்துக்குக் குற்றம் என்றா பெயர் வைப்பது? ஆசிரியர் என்பதையே குற்றத்தை ஓட்டுபவர் என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். நானோ பற்றாசிலிருந்து தொடங்குவேன். இரண்டு உலோகத் துண்டுகளை ஒட்டவைப்பது பற்றாசு. யாப்பிலும் ய, ர, ல, ழ இடையில் வந்து நிற்பதை ஆசிடையிட்ட எதுகை என்கிறோம். ஆக, பற்றி நிற்பதே ஆசின் முதற்பொருள் என்பது என் கட்சி. மாணவனைப் பற்றி நிற்பவர் ஆசிரியர். ஆசுகவியில் வருவது வடமொழி 'ஆசு', விரைவு, அது வேறு.

பானஸ்வாடி:

ஐயா இருவருக்கும் வணக்கம். ஆசிரியரைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வந்து படிக்கிறேன். இப்போதைக்கு மரம்.

ஆர்.டி. நகர்:

உத்தராகண்டில் இதன் இமாலய உறவு மரம் ஒன்றை 'அங்கு' என்கிறார்கள். இந்தியப் பெயராகவே கிடைக்கிறதே, எடுத்துக்கொள்ளலாம்.

வைட்ஃபீல்ட்:

"அங்கு மரம் நட வேண்டாம்." எங்கு?

ஜெயநகர், தாவரவியல் ஆசிரியை:

அல்சூர் ஐயா மெலியா என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். வகைப்பாட்டின்படி ஆஷ் நம் மல்லிகைக்குச் சொந்தம். ஆலிவும் பவழமல்லியும் அதே குடும்பம்தான். ஆனால் பார்வைக்கு அது வேம்பு மாதிரி. ஒரே காம்பில் இருபுறமும் சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. இது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததல்ல. மலைவேம்பின் இலை ஆஷ் இலையை ஒத்திருந்ததால்தான் அதன் பேரினத்துக்கு மெலியா என்று ஆஷின் கிரேக்கப் பெயரையே வைத்தார்கள். லின்னேயஸ் 1753இல் நம் வேம்பையும் மெலியா அசாடிராக்டா என்றுதான் பதிந்தார். அவர்கள் தங்கள் மரத்தின் பெயரை நம் வேம்புக்கு வைத்தார்கள். நாம் வேம்பின் பெயரை அவர்கள் மரத்துக்கு வைப்பதில் என்ன குறை?

சீமைவேம்பு. சீமைக்கருவேலம், சீமை இலுப்பை, சீமையகத்தி என்று நம் மக்கள் பெயர் வைத்துப் பழகிய வழி இது. ஆஷின் காயில் சிறகு இருப்பதால் சிறகுக்காய் மரம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேங்கைக்கும் சிறகு உண்டு, மருதுக்கும் உண்டு.

மல்லேஸ்வரம்:

அருமை அம்மா. என் வாக்கு சீமைவேம்புக்கு.

பிரேசர் டவுன்:

என் அக்கா ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார். சீமை என்பது இங்கிருந்து பார்க்கும் நமக்குத்தான் வெளியூர். அக்காவுக்கு ஆஷ் வாசலில் நிற்கும் உள்ளூர் மரம். அவருக்கு வேப்பிலைதான் கப்பலில் வருகிறது! வீட்டில் எல்லோரும் ஆஷ் மரம் என்றே பேசுகிறார்கள். மரம் வெட்ட வருகிறவரிடமும் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

பானஸ்வாடி:

ஜெயநகர் அம்மா, சீமைவேம்பு எனக்கு மிகவும் பிடித்துப்போய் வரைவில் போட்டுப் பார்த்தேன். அத்தியாயத்தின் பாதி அந்த வண்டைப் பற்றியது. பளபளக்கும் பச்சை வண்டு. ஆசியாவைச் சேர்ந்தது, 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்து போகிறது. வண்டு வெளியேறிய துளை ஆங்கில டி எழுத்து வடிவில் 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார், அதற்குள் நோய் முற்றியிருக்கும். புதிதாக ஆஷ் நட நினைப்பவர் இதையெல்லாம் யோசித்துத்தான் நட வேண்டும். இருக்கும் மரத்துக்குக் கனடாவில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று அசாடிராக்டின். வேப்பங்கொட்டையிலிருந்து எடுப்பது. அடிமரத்தில் ஊசிபோல ஏற்றுகிறார்கள்.

இப்போது என் வாக்கியம்: "சீமைவேம்பைக் காக்க அதன் அடிமரத்தில் வேம்பின் மருந்தை ஏற்றலாம்." வேம்புக்கு எதற்கு வேம்பு என்று வாசகர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

ஜெயநகர்:

வேம்பு ஆஷைக் காப்பாற்றுகிறது என்பதே அந்தப் பெயருக்கு இன்னொரு நியாயம் அல்லவா? ஆனாலும் உங்கள் வாக்கியத்தின் சிக்கல் புரிகிறது. இந்தக் கையேட்டுக்கு ஆஷ் என்றே போடுங்கள். ஆனால் அடையாளத்தை விட்டுவிடாதீர்கள்: வேம்பில் இலைகள் கிளையில் மாறி மாறி வரும், ஆஷில் எதிரெதிராக ஜோடியாக வரும். சொல்லடைவில் சீமைவேம்பு இருக்கட்டும். அதை நான் கைவிடவில்லை.

அல்சூர்:

நானும் வேன்மரத்தைக் கைவிடவில்லை. ஷகரம் வேண்டாம் என்ற என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

பிரேசர் டவுன்:

ஐயா, மழைமரத்துக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவர்கள் அந்தி நேரத்தில் அதன் இலை மூடுவதைப் பார்த்துக்கொண்டு அதன் கீழே இருந்தவர்கள். ஆஷின் கீழே இருப்பவர்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். இப்போதைக்கு அவர்கள் சொல்வது ஆஷ்.

பானஸ்வாடி:

சரி, ஆஷ் மரம் என்றே அனுப்புகிறேன். அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் ஜெயநகர் அம்மா சொன்ன இலை அடையாளமும் சிறகுக்காய்க் கொத்தும் ஒரு வரியில் வரும். வண்டை ஆஷ் துளைப்பான் என்று எழுதியிருக்கிறேன். நம் விவசாயிகள் தண்டுத் துளைப்பான் என்று சொல்லிப் பழகியிருப்பதால் புரியும்.

மல்லேஸ்வரம்:

துளைப்பான் எதற்கு, குடைவண்டு என்றால் போதாதா? திங்கள் காலை எத்தனை மணிக்கு அனுப்புகிறீர்கள்?