ஹட்டனிலிருந்து பாசிக்குடா, திருகோணமலை: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கிழக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போக நினைக்கிறோம். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

காலி, ஹிக்கடுவைப் பக்கம் போகலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கக் கடல் ஆகஸ்டில் கொந்தளிப்பாக இருக்கும். கிழக்கில் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் வரை ஆழமில்லை என்பதால் எனக்கு அங்கேதான் மனது போகிறது.

நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, அங்கிருந்து வாழைச்சேனை வழியாகப் பாசிக்குடா போவதாகத் திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வளைவுப் பாதையில் வாந்தியும் வரும். வேன் பிடித்து ஒரே நாளில் போய்விடலாமா, பதுளையில் ஒரு இரவு தங்குவது நல்லதா? பதுளை வரை கோச்சியில் (ரயிலில்) போனால் அவருக்குச் சுகமாக இருக்குமா?

அப்புறம், பாசிக்குடாவை அடுத்த கல்குடாப் பக்கம் நாமே சமைத்துச் சாப்பிடக்கூடிய, படி ஏறத் தேவையில்லாத அறை தெரிந்தால் வாடகையோடு சொல்லுங்கள். திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பார்க்க வேண்டும். கோணேஸ்வரத்தில் வயதானவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? சமீபத்தில் பெரியவர்களோடு போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.