சனி, ஞாயிறு இடிமழைக்கு 40 சதவீத வாய்ப்பு: நம்பி விதைக்கலாமா?

கேள்வி: மானாவாரிக்காரன்

வணக்கம். பருவமழை பொய்த்து, கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பில் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. சனி, ஞாயிறு பிற்பகலில் இடியுடன் மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்கிறது முன்னறிவிப்பு. போன வாரமும் இப்படித்தான் கருகருவென்று திரண்டது, இடித்தது, புழுதிக்காற்று அடித்தது, சொட்டு விழவில்லை. கையில் இருப்பது ஒரு தடவைக்கான விதை மட்டுமே. வெள்ளிக்கிழமையே புழுதியில் விதைத்துவிடலாமா?

பதில்: மேகம் பார்ப்பவன்

40 சதவீதம் என்பது மழையின் அளவு அல்ல. இதே போன்ற வானிலை பத்து நாள் அமைந்தால், ஏறக்குறைய நான்கு நாள் உங்கள் இடம் நனையும் என்று பொருள். அது தூறலா, கொட்டித் தீர்ப்பதா என்பதை அந்த எண் சொல்லாது. தனி இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பக்கத்து ஊரில் வாய்க்கால் ஓட, உங்கள் ஊரில் தூசிகூட அடங்காமல் போகலாம்.

போன வாரம் மேகம் ஏமாற்றியதற்கும் வறட்சியே காரணமாக இருக்கலாம். தரைக்கும் மேகத்துக்கும் நடுவே காற்று காய்ந்து கிடந்தால், துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரை தொங்கிப் பாதியிலேயே கரைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, கீழே பாயும். உங்கள் புழுதிக்காற்று அதுதான்.

வெப்பநிலையோடு பனிநிலையையும் பாருங்கள்; காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலைதான் அது. இரண்டுக்கும் ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் மேகத்தின் அடி சுமார் 125 மீட்டர் உயரே போகும். பிற்பகலில் 20 டிகிரி இடைவெளி என்றால் இரண்டரை கிலோமீட்டர். சிறு துளி அவ்வளவு தூரம் தாங்காது. இடைவெளி பாதியானால் நம்பிக்கை வைக்கலாம்.

பதில்: பழைய ஏர்

தம்பி, விதையை வெளியே எடுக்காதீர்கள். அரைகுறை மழையில் மேல்மண் மட்டும் நனைந்தால் விதை முளைத்துவிடும். அடுத்த வாரத்து வெயிலில் முளை கருகிவிடும். மழையே பெய்யாவிட்டால்கூட விதை மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கலாம். அரைமழைதான் அதைக் கொல்லும்.

இப்போது செய்ய வேண்டியது நிலத்தைத் தயாராக்குவது. இறுகிய மண்ணில் இடிமழை வேகமாக இறங்கினால் பாதிக்கு மேல்கூட ஓடிப்போகலாம். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஹெக்டேரில் விழுவது இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர். அதை விட்டுவிடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே உழுது வையுங்கள். வரப்பு உடைந்த இடங்களில் மண் அணையுங்கள்.

மழை நின்ற மறுநாள் மண்வெட்டியோடு போய் நாலைந்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். அந்த 25 மில்லிமீட்டர் முழுதும் இறங்கினால் மணற்பாங்கான நிலத்தில் சுமார் ஓர் அடி நனையும். களிமண்ணில் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கைக்குள் இறுக்குங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தால் அடுத்த மழைக்குக் காத்திருங்கள். வெடித்த நிலத்தில் ஒன்று கவனம்: தண்ணீர் வெடிப்பு வழியே அடிக்குப் போய்விடும், நடுவில் கட்டி காய்ந்தே இருக்கும். வெடிப்போரத்தில் தோண்டி ஏமாறாதீர்கள்.

பதில்: மேகம் பார்ப்பவன்

ஒன்று விட்டுப்போயிற்று. மழை விழாத மேகமும் மின்னலை இறக்கும். மின்னலுக்கும் இடிக்கும் 30 வினாடிக்குள் இடைவெளி என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உழவை அப்படியே விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் வெளியே வராதீர்கள். காய்ந்த புல்லும் சருகும் உள்ள இடத்தில் தீப்பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானாவாரிக்காரன்

ஐயா, இருவருக்கும் நன்றி. விதை மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். நாளைக் காலை குறுக்கு உழவு, மாலையில் வரப்பு வேலை. கிழக்கு வயல் முழுக்கக் களிமண், அங்கே எவ்வளவு ஆழம் நனைகிறது என்று திங்கட்கிழமை தோண்டிப் பார்த்து எழுதுகிறேன்.