பழைய ஆர்எக்ஸ்-3க்கு பிஸ்டன் இன்ஜின் போடலாமா?

செந்தூல்வாசி: அப்பாவின் மஸ்டா ஆர்எக்ஸ்-3 செந்தூல் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஓட்டி, சூடானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. அதிலுள்ள ரோட்டரி இன்ஜினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை) தூக்கிவிட்டு பிஸ்டன் இன்ஜின் போட்டுவிடலாம், செலவு குறைவு என்கிறார்கள் பட்டறையில். என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங்காரன்: போட்டுவிடுங்கள் தம்பி. பினாங்குப் பாலம் 1985இல் திறப்பதற்கு முன் நான் ஆர்எக்ஸ்-2 வைத்திருந்தேன். பட்டர்வொர்த் ஃபெர்ரி வரிசையில் நாலடி நகர்த்திவிட்டு அணைத்தால் பிளக் நனைந்துவிடும், அப்புறம் என்ன சுற்றினாலும் பற்றாது. பின்னால் ஹார்ன் அலறும். தள்ளித்தான் ஃபெர்ரியில் ஏற்றியிருக்கிறேன். பெட்ரோல் குடிப்பதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் ஜாலான் ஈப்போ நெரிசலில் இன்ஜின் ஒருமுறை கொதித்தால் ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங் கூடுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் சீல் போய், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கொட்டகையில் மக்குவதைவிட ஏதோ ஒரு இன்ஜினில் ஓடட்டும்.

கேப்பெல்லா_கேஎல்: அண்ணே, இதை என்னால் ஏற்க முடியாது. அந்த இன்ஜினைக் கழற்றினால் மிச்சம் இருப்பது எழுபதுகளின் சாதாரண கார். மேலும் கீழும் அடிக்கும் பாகமே அதில் கிடையாது. ரோட்டர் ஒரு சுற்று வந்தால் தண்டு மூன்று சுற்று சுற்றும். கெந்திங் ஏற்றத்தில் மிதித்தால் அதிர்வே இல்லாமல் ஊசி ஏறிக்கொண்டே போகும். இதே தத்துவத்தில் நான்கு ரோட்டர் வைத்துத்தான் மஸ்டாவின் பந்தயக் கார் 787பி 1991இல் பிரான்ஸின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது.

ஜெலுத்தோங்காரன்: பந்தயம் வேறு, சந்தைக்குப் போகிற கார் வேறு. 2012இல் ஆர்எக்ஸ்-8 நின்றது. அப்புறம் 2023இல் எம்எக்ஸ்-30இல் ரோட்டரி திரும்பி வந்தபோது பேட்டரிக்கு மின்சாரம் தரத்தான் வைத்தார்கள், சக்கரத்தைச் சுழற்ற இல்லை. செய்தவர்களே ஒதுக்கிவிட்டார்கள்.

கேப்பெல்லா_கேஎல்: ஒதுக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவருவானேன்? சரி, முதலில் கோளாறைப் பார்ப்போம். தம்பி, சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரும்பாலும் கம்ப்ரெஷன்தான் (உள்ளே காற்றை அழுத்தும் பலம்) குறைந்திருக்கும். முன், பின் என்று இரண்டு ரோட்டர் உண்டு, ஒவ்வொன்றாக ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். புஸ் புஸ் புஸ் என்று ரோட்டரின் மூன்று பக்கத்துக் காற்றும் ஒரே பலத்தில் வர வேண்டும். இரண்டு சோர்ந்திருந்தால் ரோட்டர் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் மேல் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு சீலுக்கும் இரண்டு பக்கமும் அறை உண்டு, அதனால் ஒரு சீல் போனால் இரண்டும் சோரும். இன்ஜின் ஆயில் குறைகிறதே என்று பயப்படாதீர்கள். சீல் தேயாமல் இருக்கக் கொஞ்சம் ஆயிலை எரிய விடுவது அதன் அமைப்பு.

செந்தூல்வாசி: செய்து பார்த்தேன். முன் ரோட்டர் சீராக இருக்கிறது. பின் ரோட்டரில் இரண்டு சோர்கின்றன.

கேப்பெல்லா_கேஎல்: அப்படியானால் இன்ஜினைப் பிரித்துச் சீல் மாற்றுங்கள். ரோட்டரி பிரித்துப் பழகிய கை வேண்டும், அந்தப் பட்டறை வேண்டாம்.

ஜெலுத்தோங்காரன்: பிரியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஹவுசிங் உள்சுவரில் குரோம் உரிந்திருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை, செலவு எகிறும். அப்போது நான் சொன்னதைச் செய்யுங்கள். கழற்றிய இன்ஜினை மட்டும் பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.