பிடிபி-11-ல் எந்த ஓஎஸ் போட்டீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

என்னிடம் இருப்பது 11/23, டெக் நிறுவனத்தின் பழைய பிடிபி-11 மினிகணினி வரிசையில் ஒரு மாடல். நினைவகம் 256 கேபி, கழற்றி மாற்றும் தட்டு போடுகிற இரண்டு ஆர்எல்02 டிஸ்க் டிரைவ். கேட்டவர் எல்லாரும் "2.11பிஎஸ்டி போடு" என்றார்கள். அது பிடிபி-11-க்கான ஒரு யூனிக்ஸ், ஆசை எனக்கும்தான். ஆனால் அதற்கு நிரலுக்கும் தரவுக்கும் முகவரி வெளியைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் சிபியு வேண்டும். 11/44, 11/70, 11/73-ல் அந்த வசதி உண்டு, 11/23-ல் கிடையாது. பேச்சு அங்கேயே முடிந்தது.

டெக்கின் சின்ன, ஒரே ஆளுக்கான ஓஎஸ்ஸான ஆர்டி-11 போட்டேன். முதலில் டிஸ்க்கைத் தொடவே இல்லை. லேப்டாப்பை சீரியல் கேபிளில் மாட்டி, டியு58 டேப் டிரைவாக நடிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். கன்சோலில் @ குறி வந்ததும் பூட் நிரலை ஆக்டல் (எட்டின் அடிமான) எண்களாக ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். டேப் வேகம்தான், அவசரப்பட்டு ஆகப்போவதில்லை. கடைசியில் வரியின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. ஆர்டி-11 வணக்கம் சொல்வது அப்படித்தான்.

அப்புறம்தான் ஆர்எல்02. பழைய தட்டில் கெட்ட பிளாக்குகள் இருக்கவே செய்யும். தட்டைத் துடைத்துப் புதிதாகத் தயார் செய்யும் இனிஷியலைஸ் கட்டளையோடு பேட்பிளாக்ஸ் என்று சேர்த்தால், அந்த இடங்களில் ஃபைல்.பேட் என்று கோப்பு போட்டு மூடிவிடும். 10 எம்பி தட்டில் பாதிக்கு மேல் இன்னும் காலி! தேதி ஒன்றுதான் தொல்லை: பழைய பதிப்புகளில் ஆண்டுக்கு 5 பிட், கணக்கு 1972-ல் தொடங்குவதால் 2003-ஐத் தாண்டாது. ஆர்டி-11-ன் 5.7 பதிப்பு கிடைத்தால் போடுங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

*

அண்ணா, நான் யூனிக்ஸ் கட்சி. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு. ஆனால் நிஜ மெஷினில் இல்லை, பழைய கணினியாக நடிக்கும் சிம்எச் எமுலேட்டரில். ஆறாம் பதிப்பு பழகியது 2.5 எம்பி ஆர்கே05 டிஸ்க்கோடு, உங்கள் ஆர்எல்02-க்கு டிரைவரை வெளியே தேடித்தான் சேர்க்கணும். கோப்புறை மாற்ற 'சிடி' என்றால் புரியாது, 'சிஎச்டிஐஆர்' என்று முழுசாக அடிக்கணும். பேக்ஸ்பேஸும் இல்லை: # அடித்தால் முந்தின எழுத்து போகும், @ அடித்தால் வரியே போய்விடும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். கர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மூலநிரல் உள்ளேயே இருக்கிறது, திருத்தி அங்கேயே கம்பைல் பண்ணலாம். அந்த ருசி ஆர்டி-11-ல் ஏது? 2002-ல், அப்போது பழைய யூனிக்ஸின் உரிமையை வைத்திருந்த கால்டெரா நிறுவனம் உரிமத்தைத் தளர்த்திவிட்டதால் சட்டச் சிக்கலும் இல்லை.

*

தம்பிகளா, எண்பதுகளில் நாங்கள் ஆர்எஸ்டிஎஸ்/ஈ-யில் வேலை பார்த்தோம், பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிரும் (டைம்ஷேரிங்) டெக் ஓஎஸ் அது. ஒரே 11/70, சுற்றிலும் டெர்மினல்கள், எல்லாரும் பேசிக்-பிளஸ் மொழியில். அருமையான சிஸ்டம். ஆனால் வீட்டில் தனி ஆளுக்கு டைம்ஷேரிங் எதற்கு? 11/23-க்கு ஆர்டி-11 சரியான தேர்வுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிஷியலைஸ் செய்வதற்கு முன் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? நண்பர் ஒருவர் ஆய்வகத்திலிருந்து வந்த தட்டை அப்படியே பூட் செய்தார். டெக்கின் இன்னொரு ஓஎஸ்ஸான ஆர்எஸ்எக்ஸ்-11எம் எழுந்து வந்தது, கருவிகளிலிருந்து அளவு எடுக்க அவர்கள் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல்களோடு. அதன் நகல் வேறெங்கும் இல்லை. இரண்டாவது டிரைவில் இன்னொரு தட்டு இருந்தால், அதை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு முதலில் பிரதி எடுங்கள்.