செயல்படும் டி.என்.ஏ. நானோ அமைப்புகள்: எவை பயனுக்கு வந்துவிட்டன, எவை இன்னும் ஆய்வகத்தில் இருக்கின்றன?

முதுநிலை மாணவி எழுதியது:

வேதியியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியுள்ளது. வடிவங்களை அமைக்கும் முறை ஓரளவு புரிகிறது. 1982-இல் நாட்ரியன் சீமன் கிளைத்த டி.என்.ஏ. சந்திகளைக் கொண்டு பின்னல்களை உருவாக்கலாம் என்று முன்மொழிந்ததையும், 2006-இல் பால் ரோத்மண்ட், எம்13 வைரசின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கார அலகுகள் கொண்ட ஓரிழையை இருநூறுக்கும் மேற்பட்ட குறுகிய இழைகளால் மடித்துச் சிரித்த முகம் செய்து காட்டியதையும் படித்திருக்கிறேன். அதற்கு அடுத்த படியில்தான் தடுமாறுகிறேன். வெறும் வடிவமாக இருக்கும் டி.என்.ஏ., ஒரு பொருளை அடையாளம் காண்பதும், வினையை ஊக்குவிப்பதும், அசைவதும் எவ்வாறு? புற்றுநோய்ச் செல்லைத் தேடிச் சென்று மருந்தைத் திறந்துவிடும் ‘நானோ ரோபோ’ பற்றிய செய்திகளை எந்த அளவுக்கு நம்பி மேடையில் பேசலாம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஈரிழை எழுதியது:

தங்களுடைய முதல் கேள்விக்கு விடை ஓரிழையில் இருக்கிறது. ஈரிழைச் சுருள் விறைப்பானது. அதனால் அது நல்ல சட்டம். ஓரிழையோ நெகிழ்வானது; தன் மீதே மடிந்து, புரதத்தைப் போலப் பள்ளங்களும் மேடுகளும் கொண்ட முப்பரிமாண உருவத்தை எடுக்க வல்லது. 1990-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரு தேர்வு முறையை வெளியிட்டன. தற்செயலான வரிசைகள் கொண்ட கோடிக்கணக்கான இழைகளை ஓர் இலக்கு மூலக்கூறோடு கலந்து, ஒட்டியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்கி, மீண்டும் கலப்பது என்பதே அம்முறை. சில சுற்றுகளுக்குப் பின் எஞ்சுபவை அந்த இலக்கை இறுகப் பற்றும் இழைகள். இவற்றையே அப்டமர்கள் என்கிறோம். முதலில் ஆர்.என்.ஏ.வில் நடந்த இத்தேர்வு விரைவிலேயே டி.என்.ஏ.வுக்கும் வந்தது. இரத்தம் உறைவதில் பங்கேற்கும் திராம்பினைப் பற்றும் டி.என்.ஏ. அப்டமர் 1992-இல் கிடைத்தது. அதன் நீளம் வெறும் 15 கார அலகுகள்.

ஊக்கிகளும் இதே வழியில் வந்தவைதாம். 1994-இல் பிரேக்கரும் ஜாய்ஸும், ஈய அயனி இருந்தால் மட்டுமே ஆர்.என்.ஏ. பிணைப்பை வெட்டும் டி.என்.ஏ. நொதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பின்னர் யி லூவின் குழு இத்தகைய நொதி ஒன்றை ஈய உணரியாக மாற்றிய விதம் மிக அழகானது. வெட்டப்பட வேண்டிய இழையின் முனையில் ஒளிரும் சாயமும், அதன் அருகிலேயே ஒளியை அணைக்கும் மூலக்கூறும் இருக்கும். ஈயம் வந்தால் இழை வெட்டுப்பட்டுச் சாயம் விலகிச் செல்லும். கரைசல் ஒளிரத் தொடங்கும். பிறகு தங்க நானோ துகள்களோடு இணைத்து, நீலத்திலிருந்து சிவப்பாக நிறம் மாறுவதை வெறுங்கண்ணாலேயே காணும்படியும் செய்தார்கள்.

அசைவுக்கு அடிப்படை இழை இடப்பெயர்ச்சி. ஈரிழை ஒன்றில் சில கார அலகுகளை இணையின்றி நீட்டி வைத்தால், அந்தப் பிடிமுனையில் புதிய இழை ஒன்று தொற்றிக்கொண்டு, பழைய துணையைப் படிப்படியாக வெளியேற்றிவிடும். பிடிமுனையின் நீளத்தைச் சில அலகுகள் கூட்டினாலே வினையின் வேகம் பத்து லட்சம் மடங்கு வரை உயரும் என்பதால், எது முன்னே நடக்க வேண்டும், எது பின்னே நடக்க வேண்டும் என்பதை வரிசையிலேயே எழுதிவிடலாம். 2000-இல் பெல் ஆய்வகத்தில் பெர்னார்டு யுர்க் குழுவினர் திறந்து மூடும் டி.என்.ஏ. இடுக்கியை இப்படித்தான் இயக்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஈரிழை கழிவாகச் சேரும் என்பதைச் செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கூழ்மம் எழுதியது:

இரண்டாவது கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மிகைப்படுத்தல் அங்கேதான் அதிகம்.

2012-இல் டக்ளஸ், பேச்செலெட், சர்ச் ஆகியோர் வெளியிட்ட அறுகோணப் பீப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு அப்டமர் பூட்டுகள்; இரண்டுக்கும் உரிய சாவிகள் ஒரே செல்லின் மேற்பரப்பில் இருந்தால்தான் பீப்பாய் திறக்கும். தருக்கம் துல்லியமாக வேலை செய்தது, ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். 2018-இல் வெளியான ஆய்வில், திராம்பினை உள்ளே வைத்துக் குழாயாகச் சுருட்டிய ஓரிகாமித் தகடு (ரோத்மண்ட் முறையில் மடித்த டி.என்.ஏ.வையே ஓரிகாமி என்கிறோம்), கட்டியின் இரத்த நாளத்தில் உள்ள நியூக்ளியோலின் என்னும் புரதத்தைக் கண்டதும் விரிந்து, அங்கேயே இரத்தத்தை உறையச் செய்து கட்டிக்கான ஓட்டத்தை அடைத்தது. இது எலிகளில் நிகழ்ந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மனிதருக்கான மருத்துவம் என்று இதை மேடையில் சொல்லிவிடாதீர்கள். ‘தேடிச் சென்று’ என்ற சொற்றொடரையும் தவிர்த்துவிடுங்கள். இவை எதையும் தேடுவதில்லை. இரத்த ஓட்டத்தில் மிதந்து செல்லும்போது தற்செயலாக மோதும் இடத்தில் பொருந்தினால் திறக்கின்றன.

தடைகள் எல்லாம் வேதியியல் சார்ந்தவை, ஆகவே தங்கள் துறையினருக்கு எளிதில் புரியும். ஓரிகாமியில் எதிர்மின் பாஸ்பேட்டுகள் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விலக்கத்தைத் தணிக்க, மடிக்கும்போது வழக்கமாக 10 முதல் 20 மில்லிமோலார் மக்னீசியம் சேர்க்கிறோம். இரத்தத்தில் இருப்பதோ ஏறத்தாழ 1 மில்லிமோலாருக்கும் குறைவு. இது போதாதென்று இரத்தத்தில் நியூக்ளியேஸ் நொதிகள் வேறு இழைகளை அரித்துக்கொண்டிருக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் (பி.இ.ஜி.) என்னும் பலபடியை இணைத்த ஒலிகோலைசின் (நேர்மின் கொண்ட குறுகிய லைசின் தொடர்) பூச்சு ஆயுளை நன்றாகவே நீட்டிக்கிறது. ஆனால் பூச்சு தடிமனாகும்போது அப்டமர்களின் கை மறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நியூக்ளிக் அமில அப்டமர் மருந்தாகவே ஆகவில்லை என்பதும் சரியன்று. பெகாப்டனிப் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவாசின்காப்டாட் 2023-இல் பெற்றது. இரண்டுமே வேதி மாற்றம் செய்யப்பட்ட ஆர்.என்.ஏ. வகை, இரண்டுமே விழித்திரை நோய்க்குக் கண்ணுக்குள் ஊசி வழியே செலுத்தப்படுபவை. உடல் முழுவதும் சுற்ற வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில்தான் இவ்வகை மூலக்கூறு முதலில் வென்றது என்பதைக் கவனியுங்கள்.

முதுநிலை மாணவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மருந்தாகச் செல்வதில் இவ்வளவு இடர்கள் இருக்கும்போது, உயிருள்ள செல்லுக்குள் வேலை செய்த டி.என்.ஏ. கருவி என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

அளவுகோல் எழுதியது:

உண்டு. 2009-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் யமுனா கிருஷ்ணன் குழுவினர் உருவாக்கிய ஐ-ஸ்விட்ச். சைட்டோசின் மிகுந்த இழைகள் அமிலச் சூழலில் புரோட்டான் ஏற்று, தங்களுக்குள்ளேயே இணைந்து ஐ-மோட்டிஃப் என்னும் நான்கிழை அமைப்பாக மடியும். அக்கருவியின் இரு கரங்களிலும் வெவ்வேறு சாயங்கள் உள்ளன. அமிலத்தன்மை கூடினால் கரங்கள் நெருங்கி, ஒரு சாயத்தின் ஆற்றல் மற்றதற்குத் தாவும். இரு ஒளிகளின் விகிதத்தை அளந்தால் எண்டோசோம் (செல் வெளியிலிருந்து உள்ளிழுத்தவற்றை வைத்திருக்கும் நுண்பை) முதிர முதிர அதன் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்பதை நேரடியாக வரையலாம். மருந்து கொண்டு செல்வோருக்கு, டி.என்.ஏ. எண்டோசோமிலேயே சிக்கிக்கொள்வது பெருந்தலைவலி. இந்தக் கருவிக்கு அதுவே சேருமிடம்! என் மதிப்பீட்டில் இத்துறையின் உறுதியான வெற்றி இதுவரை அளத்தலில்தான் இருக்கிறது. கருத்தரங்கில் தாங்களும் அந்தப் பக்கமே சாய்ந்து பேசலாம்.

டி.என்.ஏ.-பெயின்ட் எனும் நுண்காட்சி முறையும் இதே வகை. சாயம் ஏற்றிய குறுகிய இழை, இலக்கில் பொருத்திய துணை இழையோடு கணநேரம் ஒட்டி விலகும்போது ஒரு புள்ளி மினுக்கும். ஆயிரக்கணக்கான மினுக்கங்களின் மையங்களைக் கணித்துத் தொகுத்தால், ஒளி நுண்ணோக்கிக்கு வழக்கமாக உள்ள சுமார் 200 நானோமீட்டர் எல்லையைத் தாண்டி 10 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகளைப் பிரித்துக் காண முடிகிறது. புள்ளிகளின் தொலைவு முன்கூட்டியே தெரிந்த ஓரிகாமிகள் நுண்ணோக்கிகளைச் சரிபார்க்கும் அளவுகோல்களாக விற்பனைக்கே வந்துவிட்டன.

படங்களைக் காட்டும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். அணுவிசை நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரியும் பத்து உருவங்களைவிட, அவற்றை மின்புலத்தால் அகரோஸ் கூழ்மத்தில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்த படமே நேர்மையான சாட்சி. சரியாக மடிந்தவை கூர்மையான ஒரே பட்டையாக ஓடும். ஒன்றோடொன்று ஒட்டிய திரள்கள் மாதிரியை இட்ட குழியிலேயே தங்கிவிடும். மிகையாகச் சேர்த்த குறுகிய இழைகள் மிக வேகமாக முன்னே ஓடிவிடும். கூழ்மத்திலும் தாங்கல் கரைசலிலும் மக்னீசியம் சேர்த்து, கருவியைப் பனிக்கட்டியில் வைத்து ஓட்டியிருக்கிறார்களா என்று ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பாருங்கள். மக்னீசியம் இல்லாமல் ஓட்டியிருந்தால், பட்டை கலைந்திருப்பதை வைத்து மடிப்பு தோற்றது என்று முடிவு கட்ட முடியாது. கூழ்மத்துக்குள்ளேயே அது பிரிந்திருக்கலாம்.