கையில் 30 சதவீதக் குறைபாடு: நீட்டில் கூடுதல் நேரம் கிடைக்குமா?

குடியாத்தம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ போகிறாள், பயாலஜி குரூப். பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டு வலது கை பலவீனமாகிவிட்டது. சாப்பிடுவது, தலை வாருவது எல்லாம் இடது கையில் பழகிக்கொண்டாள். எழுதுவது மட்டும் வலது கையில்தான் என்று பிடிவாதம். எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் வேகம் வராது. அரை மணி நேரம் விடாமல் எழுதினால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் அம்மாவே விண்ணப்பம் அனுப்பி ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கிக் கொடுத்தார்கள். அதனால்தான் கணக்குப் பரீட்சையை முழுதாக முடித்தாள்.

இப்போது நீட் எழுதணும் என்கிறாள். அவளுடைய ஊனச் சான்றிதழில் 30 சதவீதம் என்று இருக்கிறது. வேலூரில் ஒரு கோச்சிங் சென்டரில் கேட்டதற்கு, "40-க்குக் கீழே இருந்தா ஒண்ணும் கிடையாதும்மா, நார்மல் பசங்க மாதிரிதான் எழுதணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அங்கிருந்து வந்ததிலிருந்து பெண் சரியாகப் பேசுவதில்லை. வீட்டுக்காரர் தறியை விட்டு வர முடியாது, நான்தான் அலையணும். அவர்கள் சொன்னது உண்மையா? யாரைப் போய்ப் பார்ப்பது?

பள்ளிகொண்டா ரவி:

தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, தெரியாமல்தான் கேட்கிறேன். நீட்டில் எழுதுகிற வேலையே இல்லையே? வட்டத்தைக் கறுப்பாக்குவதுதானே? அதற்கு எதற்குக் கூடுதல் நேரம்?

சத்துவாச்சாரி வாத்தியார்:

ரவி தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுத்து ரிடையர் ஆனவன். 180 கேள்வி, 180 நிமிடம். பிசிக்ஸில் 45. அதில் ஒரு கணக்கைக் கூட ரஃப் ஒர்க் போடாமல் மனசுக்குள்ளேயே முடிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. கெமிஸ்ட்ரியில் பாதியும் அப்படித்தான். அதற்கு மேல் 180 வட்டம், பால்பாயிண்ட் பேனாவில், கோடு தாண்டாமல். விரல் மடங்குகிற பிள்ளைக்கு அது சின்ன வேலை இல்லை.

அம்மா, உங்களிடம் சொன்னது பாதி சரி. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கு. மருத்துவப் படிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கிற 5 சதவீத இடத்தில் கேட்க வேண்டுமென்றால் அந்த 40 வேண்டும். அதற்குரிய சான்றை நாடு முழுவதும் குறிப்பிட்ட சில மையங்களில்தான் தருவார்கள். நமக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி. உங்கள் மகள் பொது வரிசையில், சாதி ஒதுக்கீட்டோடு போட்டி போடப் போகிறாள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தேர்வு அறையில் கேட்கிற நேரம் வேறு சங்கதி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. குறைபாடு உள்ளவர் என்பது ஒரு வரையறை, 40-ம் அதற்கு மேலும் உள்ளவர் என்பது இன்னொரு வரையறை. இது தெரியாமல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களே குழம்புகிறார்கள், கோச்சிங் சென்டரை என்ன சொல்ல? 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் இதைத்தான் தீர்த்து வைத்தது. அவர் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எழுத்தர் (நாம் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவர்) கேட்டார், தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. மறுத்தது. எய்ம்ஸ் அவருக்குப் போட்ட அளவு வெறும் 6 சதவீதம். அவருக்கே எழுத்தர் உண்டு என்று தீர்ப்பு. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட் 10-இல் மத்திய அரசு 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் போட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல். 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

ஒன்று கவனம். உங்கள் கையில் இருக்கிற 30 சதவீதச் சான்று மட்டும் போதாது. "இவருக்கு எழுதுவதில் சிரமம் உண்டு" என்று அதற்கென்று உள்ள படிவத்தில் அரசு மருத்துவமனைக் குழு கையெழுத்தும் சீலும் போட்டுத் தரணும். நமக்கு அது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படிவம் நீட் தகவல் கையேட்டின் பின்னிணைப்பில் இருக்கும். அந்தந்த வருடத்துக் கையேட்டிலிருந்தே பிரிண்ட் எடுங்கள், பழையதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சி.எம்.சி.யில் பிசியோதெரபி பார்த்த காகிதங்கள் இருந்தால் கூட வையுங்கள், டாக்டருக்கு உதவும். ஆனால் தனியார் டாக்டர் கையெழுத்து அந்தப் படிவத்துக்கு ஆகாது. எங்காவது முட்டிக்கொண்டால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, மனுவாகவே எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கும் இப்போதே பள்ளியில் சொல்லிவையுங்கள். பத்தாம் வகுப்பில் வந்த உத்தரவு தானாகத் தொடரும் என்று இருந்துவிடக் கூடாது.

ஆரணி பையன்:

நான் ரெண்டு வருஷம் முன்னாடி கூடுதல் நேரத்தோடு நீட் எழுதினவன் (எனக்குப் பார்வைக் குறைபாடு). வாத்தியார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். மாற்றுத்திறனாளியா என்ற இடத்தில் அவர்கள் யோசிக்காமல் "இல்லை" போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். எனக்கு அப்படித்தான் போட்டார்கள், நான் பார்த்து மாற்றச் சொன்னேன். அந்த நேரத்தில் விட்டால் ஹால் டிக்கெட்டில் ஒன்றும் இருக்காது, அப்புறம் மே மாசத்து வெயிலில் கேட்டில் நின்று சண்டை போடணும். 1.30-க்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாக சென்டர் சூப்பரின்டெண்டென்ட்டிடம் சொல்லிவிடணும். எல்லோருக்கும் 5 மணிக்கு முடியும், நமக்கு 6. என் அறையில் 5 அடித்ததும் மேடம் என் ஷீட்டுக்கும் கையை நீட்டினார். முன்னாடியே சொல்லி வைத்ததால் பிரச்சினை இல்லாமல் போச்சு. 2021-இல் அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு எழுத்துக் குறைபாடு இருந்தும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் ஷீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, நீட்டை நடத்தும் தேர்வு முகமையின் தவறுதான் என்று தீர்ப்பும் வந்தது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. அதனால் அன்றைக்கே, அந்த அறையிலேயே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

காட்பாடி கீதா:

நீட்தான் என்று ஒரே பிடியாக இருக்க வேண்டாம் அக்கா. கால்நடை மருத்துவத்துக்கு நம்ம மாநில இடங்களில் பிளஸ் டூ மார்க்தான். இன்ஜினியரிங்கும் அப்படியே, நுழைவுத்தேர்வை 2006 சட்டத்திலேயே எடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வில் அந்த ஒரு மணி நேரம் கிடைத்தாலே பாதி கவலை தீரும்.

குடியாத்தம் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா எழுதினதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அந்த 6 சதவீத டாக்டர் கதையை இரண்டு தரம் படித்தாள். கால்நடை மருத்துவத்துக்கும் போடலாம் என்றேன், "போடு, ஆனா நீட்டும் எழுதுவேன்" என்கிறாள். அடுத்த வாரம் அடுக்கம்பாறை போகிறோம். இன்னும் ஒன்று கேட்கணும். எழுத்தர் வைத்துக்கொள்வது நல்லதா, நேரம் மட்டும் போதுமா?

சத்துவாச்சாரி வாத்தியார்:

நேரம் மட்டும் கேளுங்கள் அம்மா. எழுத்தர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு. நாமே ஆள் கூட்டிப்போனால் அவர் படிப்பு உங்கள் மகளுக்குக் கீழே இருக்கணும், எவ்வளவு கீழே என்பதை அந்த வருடத்துக் கையேட்டில் பாருங்கள். கணக்கை வாயால் சொல்லி இன்னொருவரைப் போடவைப்பதற்கு ஒரு வருடப் பழக்கம் வேண்டும். அவளுக்குத் தன் கையெழுத்து மேல் பிரியம் வேறு. ஓ.எம்.ஆர். ஷீட் (வட்டம் போட்ட விடைத்தாள்) ஜெராக்ஸ் எடுத்து வாரம் ஒரு மாதிரித் தேர்வு, நாலு மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதட்டும். முதல் இரண்டு மாதத்தில் கை தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், எழுத்தர் பற்றி அப்போது பேசுவோம். விண்ணப்பம் திறப்பதற்குள் முடிவு எடுத்துவிடலாம்.