ஏப்ரல் 15க்குள் கையெழுத்துப் போடலாமா? ஆல்டடீனா இடிபாடும் மண் சோதனையும்

மேற்கு_ஆல்டடீனா
2025 ஜனவரி 7 ராத்திரி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆல்டடீனாவைத் தாக்கிய ஈட்டன் காட்டுத்தீயில் எரிந்துபோன 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்களில் எங்கள் வீடும் ஒன்று. 1948ல் கட்டியது. கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) கொடுக்கும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஆர்மி கோர், அதாவது ராணுவப் பொறியாளர் படை ஆட்கள் வந்து இடிபாட்டை இலவசமாக அள்ளுவார்கள். மார்ச் 31 வரை இருந்த கெடுவை ஏப்ரல் 15 வரை தள்ளியிருக்கிறார்கள். இன்னும் நான்கு நாள்தான். நான் போடுவதாக இல்லை.

சாம்பல், அஸ்திவாரம், அதற்கடியில் 6 அங்குல மண், இவ்வளவுதான் எடுப்பார்கள். எடுத்த பிறகு மண்ணைச் சோதிக்கப் பணம் தர மாட்டோம் என்று மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. காரீயம் கலந்த பெயின்ட்டை அமெரிக்காவில் வீடுகளுக்குத் தடை செய்ததே 1978ல். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு அதற்கு முந்தியது. அத்தனை பெயின்ட்டும் எரிந்து எங்கே போயிருக்கும்? என் மகள் அந்த மண்ணில்தான் கீரை போட்டாள். சோதிக்காத மண்ணில் மறுபடி வீடு கட்டச் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

கணக்கர்
அண்ணா, என் வீடும் போச்சு, உங்களுக்கு நாலு தெரு தள்ளி. அதனால கேக்கறேன், கையெழுத்துப் போடலன்னா என்ன செய்யப் போறீங்க? தனியார் கான்ட்ராக்டர்தானே? அவரும் கவுன்டி பெர்மிட் வாங்கி இதே விதிப்படிதான் அள்ளணும். மண் சோதனை வேணும்னா அங்கேயும் நீங்கதான் காசு தரணும். இன்சூரன்ஸ்ல இடிபாட்டுக்குன்னு ஒதுக்கின தொகை அதுலயே கரைஞ்சிடும். கோர் மூலமாப் போனா அந்தத் தொகை கவுன்டிக்குப் போகும், அதுக்கு மேல கைக்காசு ஒரு டாலர் வேண்டாம். இன்சூரன்ஸே இல்லாதவங்களுக்கும் இலவசம்.

இன்னொண்ணு, வாடகை. வெளியில தங்கற செலவை இன்சூரன்ஸ் எத்தனை மாசம் தரும்னு பாலிசியை எடுத்துப் பாருங்க. நிலம் சுத்தமாகாம கட்டட பெர்மிட் கிடைக்காது. பெர்மிட் இல்லாம ஒரு வருஷம் ஓடினா பாதிப் பேர் நிலத்தை வித்துட்டுக் கிளம்பிடுவாங்க. 'ஆல்டடீனா விற்பனைக்கு அல்ல'ன்னு வாசல்ல பலகை வெச்சிருக்கோமே, அதைக் காப்பாத்தணும்னா சீக்கிரம் கட்டணும். ஊரை ரெண்டாப் பிரிக்கற லேக் அவென்யூ ரோட்டுக்கு மேற்கே இருக்கற கறுப்பினக் குடும்பங்களை நினைச்சுப் பாருங்க. வேற பல இடங்கள்ல வீடு வாங்க விடாத காலத்துல இங்க வந்து வாங்கினவங்க. வயசானவங்க வேற. அவங்களால காத்திருக்க முடியாது.

மேற்கு_ஆல்டடீனா
அந்த மேற்குப் பக்கத்தை வைத்துத்தான் நானும் பேசுகிறேன் தம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பற்றிய தீ. எங்கள் பக்கத்துக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது விடிகாலை மூணு தாண்டிவிட்டது. செத்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள். அதற்குப் பிறகும் 'சோதிக்க வேண்டாம், 6 அங்குலம் போதும்' என்றால் எப்படி நம்புவது?

சிகோவாசி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2018 நவம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் 'கேம்ப்' என்ற காட்டுத்தீ பாரடைஸ் ஊரை அழித்தபோது நான் பக்கத்தில் சிகோவில் இருந்தேன். 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேல் கட்டடங்கள் போயின. அங்கே அள்ளி முடித்த பிறகு மனை மனையாக மண்ணைச் சோதித்தார்கள். முதல் சுற்றிலேயே தேறாத மனைகள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அவற்றை மறுபடி சுரண்டி மறுபடி சோதித்தார்கள். 'ஆழத்தில் இருப்பது தீயால் வந்ததாக இருக்காது, முன்பே இருந்ததாக இருக்கும்' என்பது ஃபீமாவின் வாதம். பாரடைஸ் கணக்கைப் பார்த்தவனுக்கு அதை ஏற்க முடியாது. தண்ணீர்க் குழாய்களில் பென்சீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் கலந்திருந்ததும் சோதித்ததால்தான் தெரிந்தது.

ஆனால் கணக்கர் சொல்வதும் உண்மை. பாரடைஸில் அள்ளி முடிக்கவே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அதற்குள் சிகோவில் வேர் விட்டவர்கள் பலர் திரும்பிப் போகவே இல்லை.

கணக்கர்
அதைத்தான் நானும் சொல்றேன். இங்க ஈபிஏன்னு சொல்ற மத்திய சுற்றுச்சூழல் துறை ஆட்கள் முதல் கட்டமா, பாலிசேட்ஸ் தீ எரிஞ்ச பகுதியையும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கும் மேல இடங்கள்ல கேஸ் சிலிண்டர், கரைப்பான், கார் லித்தியம் பேட்டரி எல்லாத்தையும் ஒரே மாசத்துல எடுத்தாங்க. இப்ப லாரி ஓடிட்டிருக்கு. சாம்பல் திறந்து கிடக்கற ஒவ்வொரு நாளும் காத்துல பறக்குது, மழை பெஞ்சா ஓடை வழியாக் கடலுக்குப் போகுது. ஒருத்தர் கையெழுத்துப் போடலன்னா அவர் மனைச் சாம்பல் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். சோதனையை நான் வேண்டாம்னு சொல்லல. அதுக்காக அள்ளறதை நிறுத்தி வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

எரியாத_வீடு
பக்கத்து வீட்டுச் சாம்பல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீடு நிற்கிறது, மூன்று பக்கமும் எரிந்துவிட்டது. எல்லோரும் 'அதிர்ஷ்டம்' என்கிறார்கள். கோர் எங்கள் வாசலுக்கு வராது, எரிந்த மனைக்கு மட்டும்தான். ஜன்னல் இடுக்கில், பரணில், பிள்ளையின் மெத்தையில் எல்லாம் சாம்பல். நின்ற வீடுகளைச் சுற்றி எடுத்த மாதிரிகளில் கலிஃபோர்னியா வரம்பான கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டிக் காரீயம் இருப்பதாகக் கவுன்டியின் முதற்கட்ட முடிவே சொல்கிறது. பையனுக்கு இரண்டு வயது, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயது. காரீயத்தில் குழந்தைக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்று டாக்டர் சொன்னார்.

மேற்கு அண்ணா, நீங்கள் அள்ளவிடாமல் வைத்திருந்தால் அது என் பிள்ளை மேல் விழுகிறது. கணக்கர் சார், சோதிக்காமல் அள்ளிக்கொண்டு போனால் சுற்றிலும் சுத்தம் என்று பலகை நடுவார்கள், என் மண்ணைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

சிகோவாசி
அக்கா சொல்வதுதான் முக்கியம். கோர் தோண்டுவது வீடு நின்ற இடத்தையும் சாம்பல் குவிந்த இடத்தையும்தான். தோட்டம், வேலி ஓரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

மேற்கு_ஆல்டடீனா
நேற்று போய்விட்டு வந்தேன். சாம்பலைச் சல்லடையில் சலித்துப் பார்த்தோம். அம்மாவின் குத்துவிளக்கு உருகி ஒரு கட்டியாகக் கிடந்தது, அம்மி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை எடுக்கும்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் சைக்கிளைப் பார்த்தேன். உங்களுடையதா தங்கச்சி?

கையெழுத்துப் போடுகிறேன். ஃபீமா செய்தது சரி என்று ஒப்புக்கொண்டு போடவில்லை கணக்கர். லாரி போன மறுநாளே என் செலவில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பப் போகிறேன். 80ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு கவுன்டியை நடத்தும் சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் போய் நிற்பேன்.

கணக்கர்
மத்திய அரசோட அளவு 200, அண்ணா. 80க்கும் 200க்கும் நடுவுல வந்தா அதைத்தான் காட்டுவாங்க, பார்த்துக்குங்க. தெருவுக்கு ஒரு பத்துப் பேர் சேர்ந்து அனுப்பினா லேப் செலவும் குறையும். என் மனையையும் சேர்த்துக்குங்க.

எரியாத_வீடு
சைக்கிள் எங்களுடையதுதான் அண்ணா, பெரியவளுடையது. தயவுசெய்து யாரும் தொட வேண்டாம், நான் கையுறை போட்டுக்கொண்டு வந்து எடுக்கிறேன். மாதிரி எடுக்கும் நாளைச் சொல்லுங்கள். எங்கள் வேலி ஓரத்திலும் இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்.